கடைக்காரர் ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு மறுபடி ரன் பண்ணுங்கள்’ என்கிறார், செய்யலாமா?

#1 மேலத்தெரு_இசேவை

வணக்கம். ஏழு மாதம் முன்பு எங்கள் ஊரில் சின்னதாக ஒரு கணினி மையம் ஆரம்பித்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பான் கார்டு, தேர்வு விண்ணப்பம், ஜெராக்ஸ், கலர் பிரின்ட் என்று வண்டி ஓடுகிறது. கையில் காசு குறைவு என்பதால் சென்னையில் ஒரு கடையில் 6 செகண்ட் ஹேண்ட் டெல் கம்ப்யூட்டர் வாங்கினேன். ‘சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்றியே தருகிறேன் தம்பி’ என்று விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் வரைக்கும் போட்டுக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று நானும் யோசிக்கவில்லை.

போன வாரம் இரண்டு கம்ப்யூட்டரில் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக எழுத்து வந்துவிட்டது. வால்பேப்பரும் மாற்ற முடியவில்லை. கடைக்காரருக்கு போன் செய்தால் வாட்ஸப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். ஜிப் ஃபைல், பாஸ்வேர்டு 1234. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ரன் பண்ணினால் பத்து நொடியில் சரியாகிவிடும் என்கிறார். இறக்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. போலீஸ் வரும், கடையை மூடுவார்கள் என்று என் மச்சான் வேறு பயமுறுத்துகிறான். உண்மையில் எவ்வளவு ஆபத்து? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஹார்டுவேர்_பாண்டி

தம்பி, நான் 18 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதுவரை எத்தனை கம்ப்யூட்டரில் ஆக்டிவேட்டர் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கு கிடையாது. ஸ்கூல், கிளினிக், ஜவுளிக்கடை எல்லாவற்றிலும் போட்டிருக்கிறேன், ஒருவர் வீட்டுக்கும் போலீஸ் வரவில்லை. ஆன்டிவைரஸ் ஏன் கத்துகிறது என்றால் அது மைக்ரோசாஃப்ட் சரக்கு, தன் முதலாளிக்கு நஷ்டம் என்றால் கத்தத்தான் செய்யும். அது காட்டும் பெயரைப் பாருங்கள், ‘ஹேக்டூல்’ என்று இருக்கும், வைரஸ் என்று இருக்காது. இங்கே வந்து நீதி சொல்பவர்கள் எல்லாரும் முதல் கம்ப்யூட்டரை என்ன போட்டு ஓட்டினார்கள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். ஆனால் ஒன்று, வாட்ஸப்பில் வரும் ஜிப்பை நானும் திறக்க மாட்டேன். நல்ல இடத்தில் இருந்து எடுக்க வேண்டும்.

#3 லாக்_பார்ப்பவன்

பாண்டி அண்ணன் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியில்தான் வம்பே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிழைப்பே ராத்திரி முழுக்க நிறுவனங்களின் லாக் (கம்ப்யூட்டர்களில் நடப்பதன் பதிவேடு) பார்ப்பதுதான்.

முதலில் இந்த ஆக்டிவேட்டர் வேலை செய்யும் விதம். பெரிய நிறுவனங்களில் ஆயிரம் கம்ப்யூட்டருக்கு ஆயிரம் முறை சாவி தட்ட முடியாது என்பதால் மைக்ரோசாஃப்ட் கேஎம்எஸ் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சர்வர், அதைக் கேட்டு மற்ற கம்ப்யூட்டர்கள் ஆக்டிவேட் ஆகும். ஒருமுறை ஆனால் 180 நாள் செல்லும், 7 நாளைக்கு ஒருமுறை சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். ஆக்டிவேட்டர் செய்வது என்னவென்றால், உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலி சர்வரை உட்கார வைத்து, ‘நான்தான் உன் கம்பெனி’ என்று விண்டோஸை நம்பவைப்பது. உங்களுக்கு ஏழாவது மாதத்தில் எழுத்து வந்ததற்குக் காரணமும் அனேகமாக இதுவே. நடுவில் எப்போதோ டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) அந்தப் போலி சர்வரைத் தூக்கியிருக்கும், அதன் பிறகு 180 நாள் ஓடி முடிந்திருக்கும்.

இப்போது பாண்டி அண்ணன் சொன்ன விஷயம். ஆமாம், கருவி சுத்தமாக இருந்தாலும் டிஃபெண்டர் அதை ஹேக்டூல் என்று பிடிக்கும். அதனால்தான் ஊர் முழுக்க ஒரு பழக்கம் வந்துவிட்டது: ஆக்டிவேட்டர் என்றால் ஆன்டிவைரஸ் கத்தும், அணைத்துவிடு, அட்மின் அனுமதி கேட்டால் கொடு. வைரஸ் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மற்ற வழியில் வந்தால் அவன் எத்தனை பூட்டை உடைக்க வேண்டும்! இங்கே வீட்டுக்காரரே நாயைக் கட்டிப்போட்டு, கதவைத் திறந்து, பீரோ சாவியையும் கையில் கொடுக்கிறார். கத்தல் நிஜமா பொய்யா என்று பிரித்துப் பார்க்கும் வழியையும் நாமே அடைத்துவிட்டோம்.

ஜிப்புக்கு ஏன் 1234 பாஸ்வேர்டு என்று யோசித்தீர்களா? அது ரகசியம் காக்க வைத்ததில்லை. பூட்டிய ஜிப்புக்குள் பிரவுசரும் மெயிலும் ஆன்டிவைரஸும் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காக. அதைத் திறக்காதீர்கள்.

#4 ஹார்டுவேர்_பாண்டி

சரி, நாய் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நான் போட்ட எதிலும் ஒன்றும் ஆகவில்லையே? ஆகியிருந்தால் கஸ்டமர் என் சட்டையைப் பிடித்திருக்க மாட்டாரா?

#5 அச்சுக்கோப்பவர்

பாண்டி, எனக்கு ஆயிற்று. சட்டையைப் பிடிக்கக்கூட ஆள் இல்லை, ஏனென்றால் போட்டது என் கடைப் பையன்.

2020 ஜனவரி, தை முகூர்த்தம் நெருங்கும் நேரம். எங்களுடையது டிடிபி கடை, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பிளக்ஸ் டிசைன், கூடவே தம்பி வீடியோ எடிட்டிங். பையன் புதிதாகச் சேர்ந்தவன், நல்ல சுறுசுறுப்பு. பழைய போட்டோஷாப் அவனுக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம் நான் சாப்பிடப் போன நேரத்தில் புதுசை கிராக்கோடு (லைசென்ஸ் பூட்டை உடைக்கும் நிரல்) இறக்கிப் போட்டிருக்கிறான். திரும்பி வந்தபோது திரையில் ‘விண்டோஸ் அப்டேட்’ மாதிரி ஒரு பெட்டி, சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. அப்டேட் ஆகிறது, அணைக்காதே என்று நானே அவனிடம் சொன்னேன். அது அப்டேட் இல்லை. உள்ளே ஒவ்வொரு ஃபைலாகப் பூட்டிக்கொண்டு போவது நமக்குத் தெரியாமல் இருக்க வைத்த திரைச்சீலை.

அரை மணி கழித்து எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு நோட்பேட் ஃபைல். 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி, 490 டாலர். அன்றைய விலையில் கிட்டத்தட்ட 35,000 ரூபாய். தள்ளுபடி வேறு, ஆடித் தள்ளுபடி மாதிரி. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க் எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். அதே கம்ப்யூட்டரில் சொருகியே இருந்தது. அதுவும் போயிற்று.

அதற்குப் பெயர் ஸ்டாப் ஜிவு என்று பிறகுதான் தெரிந்தது. கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் வழியாகவே உலகம் முழுக்கப் பரவிய சாதி அது. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் 148 வகைகளுக்கு இலவசமாகப் பூட்டைத் திறக்கும் கருவி வெளியிட்டிருந்தது. எனக்கு வந்தது அதற்குப் பிந்திய வகை. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் தனிச் சாவி, அது அவன் சர்வரில் இருக்கும். நம் நெட் இல்லாத நேரத்தில் பூட்டினால் மட்டும் எல்லாருக்கும் பொதுவான ஒரு சாவியைப் பயன்படுத்தும். நம் அடையாள எண் டி1 என்று முடிந்தால் அது பொதுச் சாவி. எங்கள் கடையில் அன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்தது, யாரோ மோடத்தைப் போட மறந்திருக்கிறார்கள். அந்த மறதியில் பூட்டிய நூறு சொச்சம் ஃபைல்கள் மட்டும் பல மாதம் கழித்து அந்தக் கருவியில் திறந்தன.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், யாருக்காவது உதவும். அந்தச் சனியன் வேகத்துக்காக ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபியை மட்டும்தான் பூட்டும். அதனால் தம்பியின் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் தப்பித்தன. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து மீட்டார்கள். ஆனால் பத்திரிகை டிசைன் எல்லாம் சின்னச் சின்ன ஃபைல். முழுசாக அந்த 150 கேபிக்குள் அடங்கிவிடும். எட்டு வருட டிசைன் போயிற்று. அந்தத் தை மாதம் அச்சடித்த பழைய பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து மறுபடி கோத்தோம்.

#6 கிறுக்கல்

இதைப் படித்ததும் எழுந்து போய் என் பேக்கப் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

#7 லாக்_பார்ப்பவன்

அச்சுக்கோப்பவர் அண்ணனுக்கு நடந்தது கண்ணுக்குத் தெரிந்த திருட்டு. இப்போது அதிகம் நடப்பது கண்ணுக்குத் தெரியாதது. பாண்டி அண்ணன் கேட்டாரே, ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று. ஆகவில்லை என்று எப்படித் தெரியும்?

2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒன்றை எழுதியது. கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரைத் தேடிப் போனவர்களுக்குப் போலித் தளங்களில் கிடைத்த இன்ஸ்டாலர், கிரிப்ட்பாட் என்ற திருடனையும் சேர்த்து இறக்கியது. கவனியுங்கள், கேஎம்எஸ்பிகோவையும் அது ஒழுங்காகவே போட்டுக் கொடுத்தது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது, ஆள் சந்தோஷமாகப் போய்விட்டார். பின்னாலேயே பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, கார்டு விவரம், கிரிப்டோ வாலட் எல்லாம் சுருட்டப்பட்டது. அதே அறிக்கையில் ஒரு தமாஷும் உண்டு. தாக்குதலுக்கு ஆளான ஒரு நிறுவனத்தைச் சரிசெய்யப் போனவர்களால் வேலையை முடிக்கவே முடியவில்லை. காரணம், அந்த அலுவலகம் முழுக்க ஒரு ஒழுங்கான விண்டோஸ் லைசென்ஸ்கூட இல்லை.

குக்கீ என்று ஒன்று இருக்கிறது. ஒருமுறை ஜிமெயிலில் நுழைந்துவிட்டால் மறுபடி மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பது அதனால்தான். அந்தக் குக்கீயைத் திருடினால் பல இடங்களில் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உள்ளே போய்விடலாம். யூடியூப் சானல்களை இப்படிக் குக்கீ திருடிப் பறித்ததைப் பற்றி கூகுளே 2021இல் எழுதியது. லும்மா என்று இன்னொரு திருடன், கிராக் தளங்களில் அவன் ராஜா. 2025 மார்ச் நடுவில் இருந்து மே நடுவுக்குள் இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அவனை எண்ணியதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. உக்ரைனில் ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் சாண்ட்வோர்ம் குழுவே கேஎம்எஸ் ஆக்டிவேட்டருக்குள் வேவு நிரலை வைத்து டோரன்டில் விட்டது. நாடு பிடிக்கிறவன்கூட இந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறான் என்றால் பாருங்கள்.

எனக்கு மறக்காத கேஸ் 2021 மேயில் சோஃபோஸ் வெளியிட்டது. ஐரோப்பாவில் உயிரியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று. ஒரு மாணவருக்குத் தன் சொந்த லேப்டாப்பில் ஒரு மென்பொருள் வேண்டும், விலை கட்டுப்படியாகவில்லை, கிராக் தேடினார். டிஃபெண்டர் தடுத்தது. அணைத்தார், ஃபயர்வாலையும் சேர்த்து. 13 நாள் கழித்து அவருடைய பாஸ்வேர்டில் யாரோ நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழைந்தார்கள். ரஷ்ய மொழி பிரின்டர் டிரைவர் ஒன்று தானாக அங்கே பதிவானதை வைத்துத்தான் மோப்பம் பிடித்தார்கள். அடுத்த 10 நாளில் ரியூக் என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல். ஒரு வார ஆராய்ச்சித் தரவு அப்படியே போயிற்று. கிராக் போட்டது ஒரு பையன், மாட்டியது முழு நிறுவனம். மேலத்தெரு நண்பரே, உங்கள் கடையில் உட்கார்ந்து பேங்க் லாகின் போடுகிறவர்கள் எத்தனை பேர்?

#8 கறுப்புக்கோட்டு

மச்சான் சொன்ன போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். இது பொதுவான விளக்கம், உங்கள் வழக்குக்கான ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் ஒரு இலக்கியப் படைப்பு. சிரிக்காதீர்கள், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கம்பராமாயணமும் கால்குலேட்டர் நிரலும் ஒரே வரையறைக்குள். உரிமை மீறிய நிரல் என்று அறிந்தே அதைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 63பி பிரிவு: குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆதாயத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்திக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. வீட்டில் பிள்ளை படிக்கிற கம்ப்யூட்டருக்கு அந்தக் குடை கிடைக்கும். கட்டணம் வாங்கி நடத்துகிற கடைக்குக் கிடைக்காது. 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவும் வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டைத் தாண்டினால் 2 வருடம் வரை சிறை, அபராதம். ஆக்டிவேட்டர் செய்கிற வேலையே பூட்டைத் தாண்டுவதுதானே.

பொதுவான மீறலுக்கான 63ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 20 அன்று நிட் புரோ வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு ஏற்றிக் கொடுத்த கடைக்காரர் முதலில் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி.

சரி, நடைமுறை? வீட்டுக் கதவைத் தட்டி விண்டோஸ் ஒரிஜினலா என்று யாரும் கேட்பதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்தவரை வருவது போலீஸ் இல்லை, கடிதம். அதுவும் பெரும்பாலும் விலை உயர்ந்த டிசைன் மென்பொருள்களுக்கு. சிலவற்றின் கிராக் பதிப்பு ஓடினால் எந்த நெட்வொர்க்கில் ஓடுகிறது என்று தயாரித்தவனுக்கே தகவல் போய்விடும். கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் சிவில் வழக்கு, நீதிமன்றம் ஒரு உள்ளூர் ஆணையரை நியமிக்கும், அவர் முன்னறிவிப்பில்லாமல் வந்து உங்கள் கம்ப்யூட்டர்களை வரிசையாகத் திறந்து பட்டியல் எடுப்பார். ஆட்டோடெஸ்க் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கான வழிமுறைகளை 2008இலேயே வகுத்துவிட்டது. லேத் பட்டறை, கட்டட வரைபட அலுவலகம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. வாடிக்கையாளர்களின் ஆதார் நகல் உங்கள் டெஸ்க்டாப்பில் கிடக்கும். 2023ஆம் வருட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, பொறுப்புகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி. உங்களிடம் அவ்வளவு கேட்க மாட்டார்கள், பயப்படாதீர்கள். ஆனால் ‘ஆன்டிவைரஸை நானே அணைத்தேன்’ என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்லிப் பாருங்கள்.

#9 டேலி_மங்கை

விண்டோஸ் மட்டும் பேசுகிறீர்கள். கணக்கு அலுவலகங்களில் டேலி கிராக் பற்றி யாராவது பேசுங்கள்! நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) சர்வரில் கிராக் டேலி. அது நிற்க வேண்டும் என்பதற்காக சர்வரில் ஆன்டிவைரஸே கிடையாது. எழுபது கஸ்டமரின் பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில், அதே சர்வரில். ஷீட்டின் பெயரும் ‘பாஸ்வேர்ட்ஸ்’.

2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் ஆனது. ஒழுங்கான லைசென்ஸ் இருந்தால் டேலியில் இருந்தே போர்ட்டலுக்குப் போகும். எங்களுடையதில் போகவில்லை. மாதக் கடைசியில் நானும் இன்னொரு பெண்ணும் இரவு பத்து மணி வரை ஒவ்வொரு பில்லாகப் போர்ட்டலில் கையால் தட்டினோம். முதலாளி லைசென்ஸில் மிச்சம் பிடித்தது எங்கள் விரலில் போயிற்று. கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு ஒன்று: டேலியில் எஜுகேஷன் மோடு இலவசம், மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும், அதுதான் முக்கியக் குறை. பழகுவதற்கு அது போதும், கிராக் தேடி அலையாதீர்கள்.

#10 யாழ்_தம்பி

அண்ணைமார் எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கமும் இதே கதைதான். இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வேண்டுமென்றே மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனால் 2022இல் டொலர் 200இல் இருந்து இரண்டு மாதத்தில் 360க்குப் போனபோது சந்தா கட்டி வைத்திருந்தவர்களே கைவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். நான் அப்போது லிப்ரே ஆபிஸுக்கும் இங்க்ஸ்கேப்புக்கும் மாறினேன். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றியதுதான் பெரிய தலையிடி, மற்றபடி பழகிவிட்டது.

#11 மேலத்தெரு_இசேவை

எல்லாருக்கும் நன்றி. ஜிப்பை அழித்துவிட்டேன். லாக்_பார்ப்பவன் சார் தனிச்செய்தியில் சொன்னபடி ஆறு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ (டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் இடங்கள்) பட்டியலைப் பார்த்தேன். நான்கில் ஒரு ஃபோல்டர் பெயர் இருந்தது. இரண்டில் சி டிரைவ் முழுக்கவே இருக்கிறது. அதாவது ஏழு மாதமாக டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டு சி டிரைவுக்குள் எட்டியே பார்க்கவில்லை. நான் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்துத் தைரியமாக இருந்தேன்.

ஆக்டிவேஷன் பக்கத்தில் எழுத்து வராத நான்கிலும் ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்’ என்று இருக்கிறது. எனக்கு ஏது நிறுவனம். எங்கள் மேலத்தெருவில் நானும் ஒரு மேஜை விசிறியும்தான்.

இப்போது என்ன செய்வது? அந்த ஃபோல்டரை அழித்தால் போதுமா?

#12 லாக்_பார்ப்பவன்

போதாது. உள்ளே என்ன வந்து போனது என்று இனிமேல் உறுதியாகச் சொல்ல முடியாது. முழுசாகத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்தே இன்ஸ்டாலரை வேறு ஒரு சுத்தமான கம்ப்யூட்டரில் பென் டிரைவில் இறக்குங்கள். அதற்கு முன்பு உங்கள் மெயில், பேங்க், இசேவை லாகின் பாஸ்வேர்டுகளை மொபைலில் இருந்து மாற்றி, ‘எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். குக்கீ செத்துவிடும். பணம் ஏதாவது போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். டெல் மாதிரி கம்பெனிகளின் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 8 காலத்தில் இருந்து லைசென்ஸ் சாவியை மதர்போர்டிலேயே பதித்துத்தான் அனுப்புகிறார்கள். புதிதாக இன்ஸ்டால் செய்தால் அது தானாகவே சாவியைப் படித்து, நெட் வந்ததும் ஆக்டிவேட் ஆகும். உங்கள் கடைக்காரர் ஒரே இமேஜை (முன்பே தயார் செய்து வைத்த விண்டோஸ் நகல்) எல்லாக் கம்ப்யூட்டரிலும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார், அதில் பெரிய நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் பதிப்பு இருந்திருக்கும், பதித்த சாவியோடு அது பொருந்தாது. காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் உள்ளே தூங்க, மேலே திருட்டு விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். எந்தத் தலைமுறை பிராசசர் என்று பாருங்கள்.

#13 ஹார்டுவேர்_பாண்டி

இதை நான் மறுக்கவில்லை. செகண்ட் ஹேண்ட் பிராண்டட் சிஸ்டம் என்றால் சாவி உள்ளேயே இருக்கும், சோம்பேறித்தனத்தில் எல்லாரும் இமேஜ் கொட்டுகிறோம், நானும்தான். ஒரு சிஸ்டத்துக்கு ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது? 500 ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் சாவிகளையும் நம்பாதீர்கள் தம்பி. ஏதாவது ஒரு கம்பெனியின் மொத்தச் சாவியைக் கசியவிட்டுச் சில்லறையாக விற்கிறார்கள், ஆக்டிவேட் ஆகும், ஒருநாள் முடக்கிவிடுவார்கள், விற்றவன் போன் எடுக்க மாட்டான். நான் இரண்டு முறை ஏமாந்தேன்.

ஆனால் லாக் சார், ஓப்பன் சோர்ஸில் ஒன்று இருக்கிறதே, நிரலையே திறந்து வைத்திருக்கிறார்கள், அதில் வைரஸ் இருக்காதுதானே?

#14 லாக்_பார்ப்பவன்

நிரலைப் பார்க்க முடிகிறது என்பது உண்மை, முகம் தெரியாத ஜிப்பைவிட அது வேறு ரகம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அதை வரி வரியாகப் படித்தீர்களா அண்ணே? 2025 டிசம்பரில் அதன் முகவரியில் ஒரே ஒரு எழுத்தை விட்டுத் தட்டியவர்கள் வேறு தளத்துக்குப் போய் வைரஸ் வாங்கிக்கொண்டார்கள். அந்த எழுத்துப்பிழைக்காகவே ஒருவன் தளம் பதிந்து காத்திருந்தான். சட்டம் கறுப்புக்கோட்டு சார் சொன்னதுதான், நிரல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அது கேட்காது.

#15 கறுப்புக்கோட்டு

கேட்காது. திரையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற எழுத்தோடு அப்படியே ஓட்டினால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதுவும் உரிம நிபந்தனைக்குப் பொருந்தாது. ஆனால் பாதுகாப்பு அப்டேட் வரும், பூட்டையும் நீங்கள் உடைக்கவில்லை. இடைக்காலத்துக்கு ஆக்டிவேட்டரைவிட அது எவ்வளவோ மேல். அடுத்த முறை வாங்கும்போது ஜிஎஸ்டி பில்லில் விண்டோஸ் என்று தனி வரி போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் விஷயம் புரிந்துவிடும்.

#16 மேலத்தெரு_இசேவை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், விண்ணப்ப சீசன்.

ஆறில் நான்கு எட்டாம் தலைமுறை. ஞாயிறு காலை ஒவ்வொன்றாகத் துடைத்து விண்டோஸ் 11 புரோ போட்டேன். சாவி எதுவும் கேட்கவில்லை. நெட் கேபிளைச் சொருகினேன், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ‘டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆனது’ என்று இருக்கிறது. நான்கிலும்! ஏழு மாதமாக என் வீட்டுக்குள்ளேயே என் பொருளைத் திருடி ஓட்டியிருக்கிறேன். கடைக்காரருக்கு போன் செய்தேன். ‘அப்படியா தம்பி, எனக்குத் தெரியாதே’ என்றார். தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை, ஆனால் சண்டை போடத் தெம்பில்லை.

மீதி இரண்டு ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறாது, 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றே சப்போர்ட் முடிந்துவிட்டது. அதனால் இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட். தட்டச்சு, பிரவுசர், பிடிஎஃப் எல்லாம் ஓடுகிறது. பாஸ்போர்ட் போட்டோ வெட்ட போட்டோஷாப்புக்குப் பதில் பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியா. கைரேகைக் கருவி மட்டும் விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான் எடுக்கிறது, அதை ஒன்றாம் நம்பர் மேஜைக்கு மாற்றிவிட்டேன்.

கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. என் கடையில் பேங்க் லாகின் போட்ட வழக்கமான ஆட்கள் பதினோரு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் கோளாறு இருந்தது, பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள் என்று சொன்னேன். ஒரு டீச்சர் அம்மா, ‘நல்லவேளை சொன்னீங்க தம்பி’ என்றார். இன்னொருவர் அன்றிலிருந்து கடைப்பக்கம் வரவில்லை. பெயர் தெரியாமல் வந்து போனவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. டெஸ்க்டாப்பில் கிடந்த ஆதார் நகல்களை எல்லாம் அழித்தேன், இப்போது வேலை முடிந்ததும் ஆள் முன்னாலேயே அழிக்கிறேன்.

ஒரே பிரச்சினை, கேனான் எல்பிபி 2900 பிரின்டர். மின்டில் எடுக்கவே மாட்டேன் என்கிறது. டிரைவர் போட்டுப் போட்டு இரண்டு ராத்திரி போயிற்று.

#17 ஹார்டுவேர்_பாண்டி

அந்த பிரின்டருக்கும் லினக்ஸுக்கும் பரம்பரைப் பகை, எல்லாருக்கும் அப்படித்தான். நேராகச் சொருகாமல் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி ஷேர் பண்ணிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறேன், எட்டிப் பார்க்கிறேன். கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அப்படியே அந்த பென் டிரைவையும் எடுத்து வையுங்கள், எனக்கு ஒரு காப்பி வேண்டும்.